வாசல் வைக்காத கோட்டை

போன வாரம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் வேலை தொடங்கினேன். வீட்டுக்காரர் நம் தமிழர்தான், பாஸ்போர்ட் மட்டும் பிரான்ஸ். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். தியானம் பண்ணியபடி நடக்க, வட்டம் வட்டமாகக் கல் பதித்த பாதை வேண்டுமாம். போனில் படம் காட்டி "லாபிரேந்த்" என்றார்.

"இது நம்ம ஏழு சுத்துக் கோட்டைங்க முசியே" என்றேன். எட்டாவது தாண்டாதவன் சொல்கிறானே என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். தட்டாஞ்சாவடியில் சொந்தமாகக் கல் அறுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் நான் தளம் போடாத தெரு ஒன்றைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். மீசை நரைத்துவிட்டதால் பெரிய நஷ்டம் இல்லை, அது வேறு விஷயம்.

முதல் கல்லுக்குப் பூசை போட்டுச் சந்தனம் தடவினார்கள். அரைத்த சந்தனம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு முதலியார்பேட்டை ஒற்றை அறையும் கஸ்தூரியின் தலைப்பிரசவமும்தான் வரும்.

கஸ்தூரி என் மனைவி. எங்கள் வரிசை வீடுகள் முழுக்கப் பிரசவம் பார்த்தவர் கதீஜாம்மா. வலி கண்டதும் ஒரு வெண்கலத் தட்டில் சந்தனக் குழம்பால் ஏழு சுத்துக் கோட்டை போடுவார். நடு என்பது வயிறு. பிள்ளைத்தாய்ச்சி நடுவில் விரலை வைத்து, எடுக்காமல், கோடுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வெளிவாசலுக்கு வர வேண்டும். பிறகு தட்டைக் கழுவி அந்தத் தண்ணீரில் ஒரு மடக்கு கொடுப்பார்.

ஆளை ஏமாற்றுகிற கோட்டை இல்லை அது. உள்ளே இருப்பது ஒரே வழி. வாசல் வந்துவிட்டது என்று நினைக்கும்போது உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இனி இல்லை என்று விட்டுவிடும்போது கொண்டுவந்து வெளியே விடும். "நடக்கறதுதான் நம்ம வேல, சேக்கறது அவன் வேல" என்பார் கதீஜாம்மா. எந்த அவன் என்று எங்கள் வரிசையில் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குத் தட்டை என்னிடம் நீட்டினார். "கண்ணுல பூ வுழுந்துடுச்சி தம்பி, கோடு தெரியல. தெரிஞ்சவங்க யாரையாச்சும் போடச் சொல்லு."

"இன்னாத்துக்கு யாரையாச்சும்? தொரை வூட்டு ஹால்லயே தாமர போட்டவன் நானு!"

"வாயால தளம் போடறதா இருந்தா நீ ஊரையே போட்டுடுவ. சீக்கிரம் போடு."

போட்டேன். நடுவிலிருந்து நூல் பிடித்து அளந்து, ஏழு சுற்றும் மயிரிழை பிசகாமல் போட்டேன். கடைசியில் கை தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்தது. தளம் போடுகிறவன் நாலு பக்கமும் பார்டர் கட்டி மூடாமல் எழுந்திருக்க மாட்டான். பழக்கம். வெளிச்சுற்றை முழுக்க மூடிவிட்டேன்.

கஸ்தூரியின் விரல் ஆறு சுற்று தாண்டி ஏழாவதில் போய் முட்டியது. திரும்பினாள், மறுபடி முட்டினாள். "வழியக் காணமே" என்றாள். அப்போது வந்த வலியில் விரலை எடுத்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை வாங்கி, கட்டை விரலால் வெளிக்கோட்டில் கொஞ்சம் அழித்து ஒரு வாசல் விட்டேன். யாரும் பார்க்கவில்லை. "இதோ இருக்குதே! பாத்துப் போவ மாட்டியா?" என்று அவளையே அதட்டினேன்.

பெண் குழந்தை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார் கதீஜாம்மா. பிறகு பார்த்த டாக்டரும் இதற்கு யாரும் பொறுப்பில்லை என்றார். சந்தனக் கோட்டுக்கும் தொப்புள்கொடிக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுப் பார்த்தாயிற்று, ஆயிரம் தடவை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அரியாங்குப்பத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போன வருஷம் கஸ்தூரி படுக்கையில் விழுந்தாள். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு இருந்தா அது ஊட்டியிருக்கும் இல்ல?" என்றாள்.

நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றினேன்.

"ஒரே வழிதான் இருந்துச்சி. அதுலயும் நான் தவறிட்டேன். வெரல வேற எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்ல பயந்துக்கினே இருந்துட்டேங்க."

இத்தனை வருஷமும் என் பக்கத்திலேயே படுத்து எழுந்தவள். வாசலை மூடியது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாயைத் திறந்தால் அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் கேட்கும் என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள். அந்த வாய் சொன்னது இதுதான்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல. கஞ்சியக் குடி."

அவள் முகம் தெளிந்துவிட்டது. முழுக் கிண்ணத்தையும் குடித்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாளைக் கடத்தினேன்.

முதலியார்பேட்டை வரிசை வீடுகள் இன்று இல்லை. இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். கதீஜாம்மா போய் எத்தனையோ காலம் ஆகிறது. கஸ்தூரி அந்த ஐந்தாம் நாள், செய்யாத தப்புக்கு என்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, நிம்மதியாகப் போய்விட்டாள்.