ஐந்து வேலை மெஷினும் எங்கள் பட்டறையும்

பலகை வளைந்திருந்தால் சீவி நேராக்கிவிடலாம். மெஷின் கடைக்குள் போய் ஆசையில் வளைந்த மனசை நேராக்கத்தான் வழி தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் சின்னதாக மரப்பட்டறை போட்டு முழிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எதை வாங்குவது?

என் வீட்டுக்காரரின் ஓய்வுப் பணம்தான் எங்களுக்கு இருந்த ஒரே முதல். மூத்தவன் கணேசன் கட்டாரில் தச்சு வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருக்கிறேன் என்று பிலிமத்தலாவைக்கு வந்திருந்தான். பட்டறை சரிவராவிட்டால் திரும்பவும் பிளேன் ஏறிவிடுவான். அந்தப் பயத்தோடுதான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கண்டி டவுனுக்குப் போனோம்.

அறுக்க ஒன்று, சீவ ஒன்று என்று தனித்தனியாக வேண்டும் என்பது அவன் ஆசை. கையிலிருந்த காசுக்கு அப்படி ஒன்றுதான் வரும். கடைக்காரரோ, அறுப்பு, சீவல், துளை எல்லாம் சேர்ந்த மெஷினைத் தடவிக்கொடுத்து, அம்மா, இது ஒன்று இல்லை, ஐந்து என்றார். எங்கள் கொட்டிலில் இருந்த இடத்துக்கும் அதுதான் தோது என்று நான் தலையாட்டிவிட்டேன். கணேசன் மெதுவாகச் சொன்னான்: "அஞ்சு வேலை தெரிஞ்ச ஆளுக்கும் கை ரெண்டுதாம்மா."

வாசலில் நின்றவர்கள்

அவன் சொன்னது முதல் கிழமையே புரிந்தது. அறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பலகையைச் சீவ வேண்டிவரும். ரம்பத்தை இறக்கி, மேசையைத் தூக்கி, அளவை மாற்றிச் சீவிவிட்டுத் திரும்ப வந்தால் பழைய அளவு போயிருக்கும். அதுவரை, துண்டுகளைப் பொருத்திப் பூட்டுகிற நிஹால் பாஸ் உளியோடு நிற்பார். பொலிஷ் போடுகிற என் மகள் செல்வி துணியோடு நிற்பாள். தச்சரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்; இவர் சிங்களவர் என்றாலும் தமிழ் தாராளமாக வரும். ஒருநாள் சொன்னார்: "அம்மா, இது ஒரே பாத்ரூம் உள்ள வீடு. எல்லாரும் வாசல்ல நிக்கிறோம்."

ஆறு கதிரை

அக்குறணையில் தளபாடக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எங்களை நம்பி ஆறு கதிரை செய்யச் சொன்னார். பாதிக் கால்களை அறுத்துவிட்டு, இடையில் முதுகுப் பலகையைச் சீவப் போய், பிறகு வந்து மீதிக் கால்களை அறுத்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், உட்கார்ந்தால் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கடை வாசலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஆறும் ஆறு ஊட்டுப் புள்ளயள் மாதிரி ஈக்குதே."

ஒரே அடுப்பு

கதிரைகளைத் திருப்பி ஏற்றி வந்த அன்று கணேசன் அலுமாரியிலிருந்து பாஸ்போட்டை எடுத்து வெளியே வைத்தான். நான் சாமி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய், ஒரே அடுப்பில் சமைத்துத்தான் உங்களை வளர்த்தேன், சோற்றை இறக்காமல் குழம்பை ஏற்றியதில்லை என்றேன். மறுநாள் பட்டறையிலும் அதே சட்டம் போட்டேன்: ஒரு வேலைக்கான பலகை முழுக்கச் சீவி முடியாமல் ரம்பத்தை யாரும் தொடக்கூடாது. கால் என்றால் எல்லாக் காலும் ஒரே அளவில், ஒரே மூச்சில். நிஹால் பாஸ் செல்வியிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "மெஷினுக்கும் ஒரு மாமியா வந்துட்டாங்க."

இரண்டாவது மெஷின்

புதுக் கால்களோடு போன கதிரைகளில் முதலாளி ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழும்பினார், ஆட்டமில்லை. அடுத்த வேலையும் தந்தார். பிறகு பேராதனையில் ஒரு மாணவர் விடுதிக்குக் கட்டில்கள் செய்தோம். அந்த வருமானத்தில் சீவலுக்கென்றே தனி மெஷின் வந்தது. பழையது அறுக்கவும் துளை போடவும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடும்போது என் தேவாரம் எனக்கே கேட்பதில்லை. பரவாயில்லை, கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்.

கட்டாருக்கு ஆள் அனுப்புகிறவர், திரும்ப வருகிறாயா என்று போன் எடுத்துக் கேட்டபோது கணேசன் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்றே கேட்டேன்: "அங்க எட்டு மெஷின் இருந்திச்சுங்க. ஒண்ணுகூட என்னோடது இல்ல."

கையில் காசு கொஞ்சம் என்றால் முதலில் எல்லாம் செய்கிறதை வாங்குங்கள், அதில் எந்த வேலைக்காக வீட்டில் அதிகம் சண்டை வருகிறதோ, அதற்கு அடுத்ததாகத் தனி மெஷின் வாங்குங்கள்.