வெயிலில் வைத்த இரண்டு தட்டுகள்

ஜெயக்கொடி அந்த ஜெல்லிப் பொட்டலத்தை வாங்கியபோது அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் வாங்கினாள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். விரதம் இருக்கிற நோயாளிக்கு என்று சொன்னாள். அப்படியென்றால் வேண்டாம் என்று அவர் பொட்டலத்தைத் திரும்ப அடுக்கில் வைக்கப் போனார். எலும்பைக் காய்ச்சி எடுக்கிற சரக்கு அது, விரதக்காரர்களுக்கு ஆகாது என்றார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

1981ஆம் ஆண்டு, சித்திரை மாதம். மதுரைக் காளவாசலுக்குப் பின்னால், ஆறு குடும்பங்கள் இருந்த ஒரு வளவில் அவள் வீடு. உள்ளே அவள் கணவன் நல்லகாமன் மூன்று நாளாகத் தண்ணீர் தவிர எதையும் விழுங்காமல் கிடந்தான்.

யானைக்கல் பழ மண்டிகளில் நல்லகாமனின் குரல் தெரியாதவர்கள் இல்லை. ஒரு கமிஷன் கடையில் பதினெட்டு வருடம் ஏலம் கூறியவன். விடியற்காலையில் லாரிகள் வந்து நிற்கும், கூடைகள் இறங்கும், நூறு பேர் நெருக்குவார்கள். அத்தனை இரைச்சலுக்கும் மேலே அவன் குரல் நிற்கும். பழத்தைத் தொட்டுப் பார்க்க மாட்டான். கூடையைத் திறந்ததும் ஒரு பார்வை, ஒரு மோப்பம். எந்த ஊர்த் தோட்டம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஏலத்தில் கழிந்த பழங்களை ஜெயக்கொடி கூடையில் வாங்கிவந்து காளவாசல் முக்கில் உட்கார்ந்து விற்பாள். செக்கானூரணிப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த மறு வருடமே அவள் அந்த முக்கில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தலைக்கறி வாங்கிவந்து தானே கழுவி, தானே மசாலா அரைத்து அவளுக்குப் பரிமாறுகிற ஆள் நல்லகாமன்.

முதலில் தொண்டை கட்டியது. ஏலக்காரனுக்குத் தொண்டை கட்டுவது புதிதல்ல என்று ஆறு மாதம் விட்டுவிட்டான். பிறகு டாக்டர்கள் புற்று என்று பெயர் சொன்னார்கள், கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தார்கள். குரல் போய்க் காற்று மட்டும் மிஞ்சியது. அந்தக் காற்றோடு அவன் செக்கானூரணிப் பக்கமே இருந்த தன் ஊருக்குப் போய்க் குலசாமி முன்னால் நின்றான். மறுபடி ஏலம் கூறுகிற அன்றுவரை கவுச்சி தொடுவதில்லை என்று நேர்ந்து, பூசாரி கையால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். மருந்து ஒரு பக்கம் இருந்தாலும், தன்னைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கயிறுதான் என்று அவன் நினைத்தான்.

வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி, ஜெல்லிபோல ஏதாவது கொடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயக்கொடி ஜெல்லியைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பணக்காரக் கல்யாணம் ஒன்றில். இப்போது கொதித்த நீரில் பொட்டலத்துத் தூளைக் கொட்டிக் கரைத்தாள். சோடாக் கடையில் ஐஸ் பார் வாங்கி, உமி போட்ட அண்டாவில் வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். மதியத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் இறுகியது. நாக்கில் வைத்தவுடன் உருகியது. நான்கு கரண்டி உள்ளே போனது. அன்று அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன பழம் இது?" என்று நல்லகாமன் காற்றுக் குரலில் கேட்டான். பழம் பார்த்தே வாழ்ந்தவனுக்கு அந்த ருசி பிடிபடவில்லை. எல்லாம் கலந்தது என்று அவள் சொல்லிவைத்தாள்.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாவது நாள் மொக்கையன் பார்க்க வந்தான். அதே மண்டியில் விற்ற சரக்குக்குச் சீட்டு எழுதுகிறவன், நல்லகாமனைவிட இளையவன், வந்த இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் போகமாட்டான். அவன் மச்சான் ஒருவன் எலும்பு சேகரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்ததும் மொக்கையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, கறிய விட்டுட்டு எலும்புக்கு மாறிட்டீகளாக்கும்? எங்க மச்சான் லாரியில ஏத்தி விடுறதுதான் அம்புட்டும் இதுல வருது."

சொன்ன பிறகுதான் அவன் கண்ணில் மணிக்கட்டுக் கயிறு பட்டது. பேச்சை மாற்றினான். மாம்பழ வரத்தைப் பற்றி ஏதோ சொன்னான். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

நல்லகாமன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு ஜெயக்கொடியை அருகில் அழைத்தான்.

"தெரிஞ்சா குடுத்த?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்குக் குரலும் இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் கையால் எதையும் வாங்கவில்லை. அவள் நீட்டிய தம்ளரை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பானைவரை போய்த் தானே மொண்டு குடித்தான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். அவள் தாங்கப் போனபோது கையை விலக்கினான். இன்னும் எத்தனை நாள் இருப்பான் என்று டாக்டர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். அத்தனை நாளும் இப்படியே கழிந்துவிடுமோ என்பதுதான் அவளுக்குச் சாவைவிடப் பெரிய பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மெகராஜம்மாதான் கடல்பாசியைப் பற்றிச் சொன்னார். தையல் மிஷின் வைத்துப் பிழைத்தவர். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் தினமும் கடல்பாசி காய்ச்சுவார்கள்.

"ஏத்தா, இது கடல்ல வெளையிறது. எலும்பும் இல்ல, தோலும் இல்ல. செடி மாதிரித்தான்" என்று டப்பாவிலிருந்து வெள்ளை நார்களை எடுத்துக் கொடுத்தார்.

ஜெயக்கொடி அவற்றை அலசி ஊறவைத்து, நார் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை காய்ச்சினாள். பன்னீர் திராட்சைச் சாற்றைக் கொதிக்கும்போதே ஊற்றினாள். சாயங்காலம்வரை அது இறுகவில்லை. தட்டைச் சாய்த்தால் ஓடியது. புளிப்பை அடுப்பில் சேர்த்தால் பாசி செத்துப்போகும், இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்று மெகராஜம்மா சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அப்படிச் செய்தாள். இதற்கு ஐஸ்கூடத் தேவைப்படவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் தட்டை வைத்தாள், ஒரு மணி நேரத்தில் கத்தி போட்டு வெட்டலாம் போல் நின்றது.

நல்லகாமன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நிறம் வேறானாலும், பொட்டலத்து ஜெல்லியும் இதுவும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. மெகராஜம்மா வந்து தன் வீட்டுப் பாசிதான் என்று சொன்னார். அவன் தலையசைத்தான், வாயைத் திறக்கவில்லை. ஜெயக்கொடி தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் அவர்கள் பக்கத்தில் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் என்றால் அடித்தவர் தலையில் விழும். அவள் கையை ஓங்கியபோது நல்லகாமன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அடிக்காத" என்றான். "பொய்யா இருந்தா?"

சூடம் தானாக எரிந்து அணைந்தது. பொய் என்றும் நினைக்கிறான், அது தன்னைத் தாக்கிவிடக் கூடாது என்றும் நினைக்கிறான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வழி தோன்றியது மறுநாள் காலை, பாத்திரம் கழுவும்போது. கடல்பாசித் துண்டு ஒன்று முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து கழுவ மறந்த தட்டிலேயே கிடந்தது. அப்படியே இருந்தது. பொட்டலத்து ஜெல்லியோ ஐஸைவிட்டு எடுத்த கால் மணியில் தண்ணீராகிவிடும். அதனால்தான் அவள் அவசர அவசரமாக ஊட்டுவாள்.

கடைசியாக வாங்கிய ஜெல்லிப் பொட்டலத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் காய்ச்சி ஐஸில் வைத்தாள். கடல்பாசியையும் அதே நிறத்தில் காய்ச்சினாள். பதினோரு மணிக்குக் கட்டிலை வாசற்படிவரை இழுத்துப் போட்டு, இரண்டு தட்டுகளையும் முற்றத்துத் துவைகல்லின்மேல் வெயிலில் வைத்தாள். கத்திரி வெயில். வளவுப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மூன்றாம் வீட்டுத் தங்கப்பொண்ணு சும்மா இருக்கமாட்டாதவள்.

"அண்ணே, சரக்கு இறங்கிருச்சு. ஏலத்த ஆரம்பிக்கிறது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நல்லகாமன் மட்டும் கண்ணைச் சுருக்கிப் புன்னகைத்தான். பிறகு கூடை திறக்கும்போது பார்க்கிற பார்வையோடு தட்டுகளைப் பார்த்தான். இடதுபக்கத் தட்டின் ஓரம் முதலில் பளபளத்தது. முனைகள் மழுங்கின. கொஞ்ச நேரத்தில் அது ஆரஞ்சுச் சர்பத்தாக விளிம்புவரை பரவி நின்றது. ஒரு ஈ வந்து விழுந்தது. வலதுபக்கத் தட்டில் சதுரங்கள் லேசாக வியர்த்திருந்தன, அவ்வளவுதான்.

"எடு" என்றான்.

அவள் வலது தட்டிலிருந்து ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்தாள். அவன் அவள் கையாலேயே வாயில் வாங்கினான். நான்கு நாளுக்குப் பிறகு வாங்கினான்.

விழுங்க முடியவில்லை.

வெயிலில் உருகாதது வாயிலும் உருகவில்லை. உதிர்ந்து பொடிப்பொடியாகத் தொண்டையில் நின்றது. இருமினான். இருமலோடு ரத்தம் வந்தது. எலும்பு ஜெல்லி ஏன் அத்தனை சுலபமாக இறங்கியது என்று அங்கிருந்த எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. மெகராஜம்மா முதலில் தன் வீட்டுக்குள் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

ஜெயக்கொடி அன்றே மறுபடி காய்ச்சினாள். நாரைப் பாதியாகக் குறைத்தாள், அதுவும் கட்டிதான். கால் பங்காக்கினாள். பிறகு இரண்டு விரல் நுனியில் எடுக்கிற அளவு. மூன்றாவது நாள், நிற்கவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல், கரண்டியில் நடுங்குகிற ஒரு பதம் கிடைத்தது. அதில் மாம்பழத்தை வடிகட்டிச் சேர்த்தாள். இரண்டு கரண்டி இறங்கியது. நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கைப் புரட்டினான்.

"காசாலட்டு" என்றான். "அழகர்மலைப் பக்கம்."

"ஆமா."

"இன்னும் ரெண்டு நாள் பழுக்கப் போட்டிருக்கணும். அவசரப்பட்டுட்ட."

ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி. சில நாள் மூன்று. அதைக் கொண்டு ஒரு உடம்பு நிற்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் தினமும் ஒரு பழம் எடுத்து வருவாள், அவன் தினமும் அதன் பெயரைச் சொல்வான். ஒரு நாள் பப்பாளி, ஒரு நாள் நுங்கு, ஒரு நாள் சப்போட்டா. ஒரு முறைகூடத் தவறவில்லை.

விரதத்தைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். வைகாசிக் கடைசியில், அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது.

"கோயிலுக்குப் போனா, நான்தான் தின்னேன்னு சொல்லிரு. நீ குடுத்தேன்னு சொல்லாத."

"சாமிக்குத் தெரியாதா?"

"தெரியும். நீயா போயிச் சொல்லாத."

ஆனி பிறந்து ஐந்தாம் நாள் காலை, பால்காரர் மணி அடித்துப் போன பிறகு, நல்லகாமன் இறந்தான். மண்டியில் அன்று அரை நாள் ஏலம் இல்லை. மொக்கையன் வந்து வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. ஜெயக்கொடிதான் போய் அவன் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

துக்க வீட்டார் ஒரு வருடம் கோயிலுக்குப் போகக் கூடாது. தலைத் திவசம் முடிந்த பிறகுதான் அவள் அவன் குலசாமி கோயிலுக்குச் செக்கானூரணி பஸ் ஏறினாள். பூசாரி அவளை அடையாளம் கண்டுகொண்டார். விரதக் கயிறு கட்டியவர் போய்விட்டால், வீட்டார் வந்து அது எப்படி முடிந்தது என்று சாமியிடம் சொல்லித் தீர்க்க வேண்டும். அது அங்கே வழக்கம். அவர் திருநீற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லகாமன் விரதம் முழுசா நின்னுச்சா, தாயி?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவன் சொல்லச் சொன்னதைத்தான் அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாமி முன்னால் அது வாயில் வரவில்லை.

"அவரு காப்பாத்துனாரு" என்றாள். "நான்தான் கெடுத்தேன். தெரிஞ்சே கெடுத்தேன்."

பூசாரி திருநீற்றை அவள் கையில் போட்டார். அவள் அதை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல், உள்ளங்கையில் மூடி வைத்தபடி, மதுரை பஸ் வருகிறவரை ரோட்டோரம் நின்றாள்.