யானைப்பாட்டனின் விலா

நபவிய்யாவை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். எகிப்தில், ஃபயூம் ஏரிக்கரைக்கு மேலே எங்கள் எலும்பு அருங்காட்சியகத்தில் அவள் பெருக்கித் துடைப்பவள், நான் வாசல் காவல். சரியான வாயாடி. பெரிய அதிகாரியைக்கூட, "செருப்பைத் தட்டிட்டு வாங்க ராசா, பாதிப் பாலைவனத்தை அள்ளிட்டு வந்திருக்கீங்க" என்று வாசலிலேயே நிறுத்துவாள். வீட்டுக்குப் போனால் அந்த வாய் மூடிக்கொள்ளும். கலஃபைக் கட்டி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. அவளுக்கு ரொட்டி போடுவதே தண்டம் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நடுக்கூடத்து மணலில் நாலு வருஷமாக எலும்புக்கூடாகக் கிடப்பது யானைப்பாட்டன். யானைகளுக்கெல்லாம் முந்தியவன், கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எங்கள் பாலைவனத்தில் அவனைத் தோண்டியவர்களில் நானும் ஒருவன். பிள்ளையில்லாதவள் பழங்கால எலும்பை ஏழு தடவை தாண்டினால் கரு தங்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழப் போன நேரமாகப் பார்த்து வருவார்கள். அவனைச் சுற்றிக் கட்டியிருக்கிற தடுப்புக் கயிற்றை நான் தூக்கிவிடுவேன். காலெலும்பைத் தாண்டிவிட்டு, வாத்தோ முட்டையோ என் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகானா?

நபவிய்யா மட்டும் தாண்டியதில்லை. "தினம் தூசி தட்டுறேன். கொடுக்கற பயலா இருந்தா இதுக்குள்ள கொடுத்திருப்பான்" என்பாள்.

இந்த ரம்ஜானில் மாமியார் மகனுக்கு இரண்டாம் தாரமாக இப்ஷவாய் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். பெருநாள் முடிந்ததும் நிச்சயம். "அதுக்குள்ள நாள் தள்ளிப்போனா சொல்லு. இல்லேன்னா மாடி அறையைக் காலி பண்ணு" என்று நபவிய்யாவின் முகத்துக்கு நேரே சொன்னாளாம்.

அந்த வார வெள்ளிக்கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து "சித்தப்பா!" என்று நபவிய்யாவின் அலறல். ஓடினேன்.

காலெலும்பைத் தாண்டினால் இவளுக்குப் போதாதாம். விலாக் கூட்டுக்குள் புகுந்து புகுந்து வந்திருக்கிறாள். ஏழாவது தடவை இடுப்பு மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் விலா, மறுபக்கம் அதைத் தாங்குகிற இரும்புக் கம்பி.

"அடிப் பாவி! என்னடி இது கோலம்?"

"முதல்ல இழுங்க சித்தப்பா, அப்புறம் திட்டலாம்."

இழுத்தேன், கத்தினாள். தள்ளினேன், அதைவிடக் கத்தினாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் முடிகிற கட்டம். தொழுகை விட்டதும் எங்கள் மேலாளர் விருந்தாளிகளோடு வருவார். இவள் வேலையும் போகும், மானமும் போகும். சுத்தியலை எடுத்து வந்தேன்.

"விலாவில கை வெச்சா கொன்னுடுவேன்! ஏழு இன்னும் முடியல. இதை உடைக்கறதும் என் வயித்தை உடைக்கறதும் ஒண்ணுதான். நான் இப்படியே கிடக்கறேன், எவன் வேணா வந்து பாக்கட்டும்."

கதவைப் பார்க்கிறேன், அவளைப் பார்க்கிறேன். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"இது எலும்பே இல்லம்மா. பிளாஸ்டர். அசல் கெய்ரோவில பெட்டிக்குள்ள கிடக்கு. இதுக்கு மாவு குழைச்சு, பழுப்புச் சாயம் அடிச்சவனே நான்தான்."

அவள் நெளிவதை நிறுத்தினாள்.

"அப்ப இதைத் தாண்டின ஸத்தூத்தாவுக்கு இரட்டைப் புள்ள பொறந்துதே?"

"அது அல்லா கொடுத்தது."

"அப்புறம் எதுக்கு அவகிட்ட வாத்து வாங்கினீங்க?"

அவமானம் பிடுங்கித் தின்றது. சுத்தியலை ஓங்கி ஒரே அடி அடித்தேன். உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. அவள் ஊர்ந்து வெளியே வந்து, உடைந்த துண்டை எடுத்து விரலால் சுரண்டிப் பார்த்தாள். அழவில்லை. துடைப்பத்தை எடுத்து, சிதறியதை அவளே கூட்டி அள்ளினாள். நான் தடுக்கி விழுந்து உடைத்ததாக மேலாளரிடம் சொல்லி, மறுநாளே புது விலா வார்த்து வைத்தேன்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள் நிச்சயம், பத்தாம் நாள் கல்யாணம். மாடி அறையில் இப்போது புதியவள். நபவிய்யா ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறாள்.

"உன் அப்பன் வீட்டுக்குப் போயேன்" என்றேன்.

"அங்க அண்ணி இருக்கா சித்தப்பா. இங்க அடுப்பாவது சூடா இருக்கு" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பெண் வந்தாள். பதினெட்டு இருக்கும். அக்குளில் வாத்து. நான் கயிற்றைத் தொடவில்லை.

"வீட்டுக்குப் போம்மா. இதனால ஒண்ணும் ஆகாது."

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும்தான் எனக்குத் தவணை கொடுத்திருக்காங்க" என்று அங்கேயே உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

நபவிய்யா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். என்னைத் தள்ளிவிட்டுப் போய்க் கயிற்றைத் தூக்கினாள்.

"வாத்தை நீயே கொண்டு போய்த் தின்னு. வா தங்கச்சி, வலது காலை முதல்ல வை" என்றாள். "நான் எண்ணறேன்."

ஏழு வரைக்கும் எண்ணினாள்.