அண்ணனுக்கு ஒரு கோட்டு

எங்கள் கடையில் விற்பனைக்கு நிற்கிறவரைக் கண்ணளவு என்றுதான் கூப்பிடுவோம். வாடிக்கையாளர் வாசற்படி ஏறுவதற்குள் தோள் எவ்வளவு, மார்பு எவ்வளவு, கை எங்கே முடியும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார். இஞ்சு டேப்பு கழுத்தில் தொங்கும், ஆனால் அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. நான் பின்னறையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். அவர் விற்றதையெல்லாம் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுப்பது என் வேலை. அவர் கண் தவறுகிற நாளில் என் முதுகு ஒடியும், அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஆண்களுக்கான விசேஷ உடைகள் மட்டும் விற்கிற கடை எங்களுடையது. ஒரு சுவர் முழுக்க ஷெர்வானி, எதிர்ச் சுவரில் குர்தா, கண்ணாடி அலமாரிக்குள் பட்டு வேட்டியும் சட்டையும், மூலையில் கழுத்து மூடிய ஜோத்புரி கோட்டுகள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் துணி எடுக்க வருகிற ஆண்களைப் பார்க்கவேண்டுமே. பல் பிடுங்க இழுத்து வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். மனைவி ஒரு நிறம் சொல்வாள், அம்மா ஒரு நிறம் சொல்வாள், இவர்கள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, அவர்களே தங்களை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும்படி செய்வதில் கண்ணளவு கெட்டிக்காரர். அதை மறுக்கமாட்டேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் ஒரு ரகசிய பாஷை இருந்தது. வந்தவர் காதுபட "இவருக்குத் தொப்பை" என்று சொல்ல முடியுமா? அதனால் 'திரை போடு' என்பார். நேராக விழுகிற, முன்பக்கம் வேலைப்பாடு நிறைந்த குர்தா வரும். குள்ளமானவர் என்றால் 'மாடி எடு'. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் வரும். கழுத்தில் தழும்போ கட்டியோ இருந்தால் 'கதவைச் சாத்து'. காலர் உயர்ந்த, கொக்கி போட்டு மூடுகிற ஜோத்புரி வரும். எல்லாம் கண்ணளவு தானாக உண்டாக்கிய சொற்கள். அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிற பையனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஏணி, அவ்வளவு உயரம். ஏணி வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டது இந்தப் பாஷையைத்தான்.

இந்தக் கதையையெல்லாம் கண்ணளவு வீட்டுக்கும் கொண்டுபோவார். அவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். சாப்பிடும்போது அன்றைக்கு யாருக்குத் திரை போட்டோம், யாருக்கு மாடி எடுத்தோம் என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அதிகமாகச் சிரிப்பது அண்ணன்தான். அவர் வண்டி மெக்கானிக். கடையின் டெலிவரி வண்டி மக்கர் செய்தால் அவர்தான் வருவார். வந்ததும் பின்னறைப் பக்கம் தலையை நீட்டி, "என்னம்மா, இன்னிக்கு எங்க ஆளு எத்தனை கதவு சாத்தினான்?" என்று கேட்பார்.

அப்படிக் கேட்கிறவர் கழுத்திலேயே தழும்பு இருந்தது. எப்போதோ ஒரு லாரியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதிநீர் பீய்ச்சி அடித்துவிட்டதாம். இடது தாடையிலிருந்து காறை எலும்பு வரைக்கும் தோல் சுருங்கி, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். அவர் அதைப் பொருட்படுத்தியதே கிடையாது. சட்டையின் மேல் இரண்டு பொத்தான்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். குழந்தைகள் கேட்டால், "சின்ன வயசுல டீ குடிக்கத் தெரியல, வெளியில ஊத்திட்டேன்" என்பார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கண்ணளவின் மகள் அவர் தோளில் வளர்ந்தவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் சொன்னது ஒன்றுதான்: மேடையில் தன் வலப்பக்கம் பெரியப்பா நிற்கவேண்டும். அவருக்குத் துணி எடுப்பது தன் பொறுப்பு என்றார் கண்ணளவு. வேறு யார் எடுப்பார்கள்?

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அண்ணன் வந்தார். நகக்கண்ணில் கருப்பு போகும்வரை கை தேய்த்து, தலை வாரி, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணளவு அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். திரும்பினார். வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"நாப்பத்திரண்டு. கதவைச் சாத்து."

என் மெஷின் தானாக நின்றது. ஏணி அலமாரியில் வைத்த கையை எடுக்கவில்லை. கண்ணளவின் வாய் திறந்தபடியே இருந்தது, சொன்னதைத் திரும்ப விழுங்கப் பார்ப்பவர் போல. அண்ணன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகக் கையை உயர்த்தி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். அடுத்ததையும் போட்டார்.

"அண்ணே, அது வந்து... வாயில பழகிப்போன வார்த்தை. நான் வேற யாரையோ நெனச்சு..."

"கடையில நான் மட்டும்தானடா இருக்கேன்."

"குர்தா பாக்கலாம்ணே. கழுத்து திறந்த மாதிரி, வெள்ளையில ஒண்ணு வந்திருக்கு, உங்க நிறத்துக்கு..."

"அதான் சொல்லிட்டியே. கொண்டு வரச் சொல்லு. சாத்துறதுதான் சாத்துறே, நல்லா சாத்து."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்ணளவு பிழைத்திருப்பார். கரும்பழுப்பில் ஒரு கோட்டு வந்தது. தோள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது, கழுத்துதான் கொஞ்சம் தளர்வு. என்னைக் கூப்பிட்டார்கள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு காலரைப் பிடித்தேன். என் விரலுக்குக் கீழே அந்தச் சுருங்கிய தோல். "இறுக்கமாவே வைம்மா, தங்கச்சி" என்றார் அண்ணன்.

அதன்பின் கண்ணளவுக்குக் கை ஓடவில்லை. மெலிந்தவருக்குத் திரை போட்டார், நெட்டையருக்கு மாடி எடுத்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பார். வீட்டில் அண்ணன் எப்போதும்போலப் பேசுகிறாராம், ஆனால் கடைக் கதை எதையும் கேட்பதில்லையாம். ஒருநாள் என் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாய் தவறிடுச்சு டெய்லரம்மா."

"வாய் தவறுச்சா, மனசு தவறுச்சா?"

நான் சும்மா கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கில் நரம்பில்லை என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சரியான இடத்தில் தைத்துவிட்டது. அவர் கீழே கிடந்த துணித் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பேச வந்த அன்று, சம்பந்தி அண்ணனிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்தாராம். அந்த ஒரு கணம், அண்ணன் உள்ளே எழுந்துபோனால் தேவலை என்று இவருக்குத் தோன்றியதாம்.

"என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன். அவரைப் பார்த்து எனக்கு வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கே இந்தக் கோட்டு என் மனசுல வந்துடுச்சு டெய்லரம்மா. அண்ணன் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் எடுத்து வெச்சுட்டேன்."

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எனக்குத் தலைவலிதான் வரும். "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அவர்கிட்ட சொல்லுங்க. கால்ல விழுங்க" என்றேன்.

"சொன்னா, வெக்கப்பட்டேன்னு தெரிஞ்சுடுமே. இப்ப அது வெறும் வாய்ப்பேச்சுன்னு நெனச்சுட்டு இருக்காரு."

அவர் அண்ணன் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று உலகத்தில் அவர் ஒருவர்தான் நம்பினார். மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு என்னிடம் வேலை சொன்னார். கோட்டின் காலரை வெட்டி எடுத்துவிடவேண்டும், கழுத்தை நன்றாக இறக்கித் திறந்துவிடவேண்டும், தழும்பு தெரியவேண்டும். அண்ணன் எப்போதும் இருக்கிற மாதிரியே மேடையில் நிற்கவேண்டும். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றேன். கேட்டால் வேண்டாம் என்பார் என்றார். ஒப்புக்கொண்டது என் தப்புதான். கத்தரியை எடுத்தபோது நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தேன்.

போட்டுப் பார்க்க அண்ணன் வந்தார். கோட்டை மாட்டியவர் கொக்கியைத் தேடிக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். காலர் இருக்கவேண்டிய இடத்தில் கை வெறும் தோலைத் தொட்டது. கண்ணாடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் நூல்கண்டைப் பார்த்தேன். கண்ணளவு முகத்தில் மட்டும் பரிசு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளையின் சிரிப்பு.

"இது எப்படிடா?"

"உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான்ணே. நீங்க எப்பவும் திறந்துதானே போடுவீங்க."

அண்ணன் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கு மூடணும்னு நீ முடிவு பண்ணே. இன்னிக்குத் திறக்கணும்னு நீயே முடிவு பண்றே. இது யாரு கழுத்துடா?"

கண்ணளவு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துணி விரிக்கிற வெள்ளை விரிப்பின்மேல், வாடிக்கையாளர் யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். சம்பந்தி பார்த்த பார்வையைச் சொன்னார். தனக்கு வந்த வெட்கத்தையும் சொன்னார். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். "எனக்குத் தெரியும்டா. நீ தலையைக் குனிஞ்சதை நானும்தானே பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

கண் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் கண்ணளவு அதைக் கேட்டார். முதல் நாளே கேட்டிருக்கவேண்டியதை.

"உங்களுக்கு எது பிடிக்கும்ணே?"

அண்ணன் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். வெள்ளைக் குர்தாவைப் போட்டு ஒரு சுற்றுத் திரும்பினார். பட்டு வேட்டி கட்டி, தோளில் அங்கவஸ்திரம் போட்டு, சரிந்ததும் சிரித்து எடுத்துவைத்தார். பொன்னிற ஷெர்வானிக்குள் நுழைந்து, "பேண்டு வாசிக்கிறவன் மாதிரி இருக்கேன்" என்றார். ஏணிக்கும் எனக்கும் மூச்சு வந்தது. கடை பழையபடி கடையாக ஆகிவிட்டது என்று நினைத்தோம். கடைசியில் மூலைக்குப் போய், மற்றொரு கோட்டை அவரே எடுத்தார். கருநீலம். கழுத்து மூடியது. கொக்கி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார்.

கண்ணளவின் முகம் செத்துப்போயிற்று. "எனக்காகவாண்ணே?"

"கேட்டே, சொல்லிட்டேன். எதுக்குன்னு வேற கணக்குச் சொல்லணுமா?"

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தன் புடவைக்கு ஊசி குத்த மணப்பெண் என்னை மேடையிலேயே நிறுத்திவைத்திருந்தாள். விளக்குகளின் சூட்டில் மேடை வெந்தது. அவள் சொன்னபடியே வலப்பக்கம் பெரியப்பா. கருநீலக் கோட்டில் அவ்வளவு கம்பீரம், பார்த்தவர்கள் மறுபடி பார்த்தார்கள். சம்பந்தியே பக்கத்தில் வந்து, "இன்னிக்கு மாப்பிள்ளை யாருன்னே தெரியல" என்று வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

ஆனால் காலர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. நான் தைத்ததல்ல அது, கடையில் வந்தபடியே இருந்தது. வியர்வை காதோரம் வழிந்து காலருக்குள் இறங்கியது. காலரின் விளிம்பில் தோல் சிவந்து தடித்திருந்தது.

"பெரியப்பா, கொக்கியைக் கழட்டிடுங்க, எப்படி வேர்க்குது பாருங்க" என்று மணப்பெண் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். படம் எடுப்பவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். கண்ணளவு அண்ணனை ஒட்டி வந்து நின்றார், அவருக்கு அடுத்து சம்பந்தி. அண்ணன் தம்பியின் பக்கம் லேசாகத் தாடையைத் தூக்கிக் காட்டினார்.

"டேய், நீ பாத்துச் சொல்லு. சரியா மூடியிருக்கா?"

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவையே பார்த்தேன். கழட்டிடுங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் உதடு அசைந்தது. கண் ஒருமுறை பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம் போய்வந்தது.

"மூடியிருக்குண்ணே" என்றார்.

அண்ணன் தலையாட்டிவிட்டு, முன்னால் திரும்பிப் படத்துக்குச் சிரித்தார்.