விசிடியில் இருந்த மாமியார்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் சேலையை வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கறை பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ஜரிகையில் சந்தேகம் வந்தால் உரைகல்லில் ஓர் இழுப்பு. வருடக்கணக்காக இதையே செய்ததில் பால்காரரிடம் பால் வாங்கும்போதும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். "உங்களுக்கு சாமியே நேர்ல வந்தாலும் திருப்பி நிக்க வச்சு முதுகப் பாப்பீங்க" என்பாள் என் மனைவி.

எங்கள் கல்யாணம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. மூன்று மணி நேர வீடியோ கேசட். அதில் பெரும்பகுதி யார் யாரோ சாப்பிடுவதுதான். நடுவில் ஒரு பத்து வினாடி என் மாமியார் வருவார். தாமல் ஏரிப் பக்கத்துக்காரர். போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று நம்பியவர், அதனால் அவருடைய படம் ஒன்றுகூட யார் வீட்டிலும் கிடையாது. சீர்த் தட்டோடு மண்டபத்துக்குள் வருகிறவர் மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "என்னை எதுக்குப்பா புடிக்கிற, பொண்ணப் புடி" என்கிறார். அவ்வளவுதான், கூட்டத்துக்குள் போய்விடுகிறார். இதையெல்லாம் என் மனைவி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

கல்யாணமாகி ஆறாவது மாதம் மாமியார் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது என் மனைவி வயிற்றில் குழந்தை. அதன் பிறகு அந்தக் கேசட் அவளுக்குக் கல்யாண கேசட்டாக இல்லை, அம்மா கேசட் ஆகிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, அந்தப் பத்து வினாடியைத் திருப்பித் திருப்பிப் போடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

சில வருடங்களில் வாடகைக்கு டெக் கிடைப்பது நின்றது. கேசட்டிலும் வெள்ளையாகப் பூசணம் கண்டது. பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு தம்பி, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி விசிடியாக்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு உடனே அவர் மேல் சந்தேகம் வந்தது. காரணமும் இருந்தது. அவர் கடை வாசலில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். யார் வீட்டுக் கல்யாணத்தையோ சாம்பிள் என்று அதில் போட்டுவிட்டிருப்பார். தெருவில் போகிற ஆள் எல்லாம் நின்று அந்த வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவான்.

லீவு போட்டுவிட்டு மூன்று மணி நேரமும் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். கேசட் இரண்டு இடத்தில் சிக்கியது. தம்பி நிதானமாக எடுத்துத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். கடைசியில், "இதோட இது ஓடாதுண்ணா, உள்ள ஒட்டிக்கினு வருது" என்றார். மூன்று விசிடி தட்டுகளாகக் கல்யாணம் கைக்கு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடுப்பா."

"இருக்கட்டும்ணா. தட்டு போச்சுன்னா ஒரு காப்பி வேணுமில்ல?"

காப்பி என்ற அந்தச் சொல்லிலேயே எனக்கு வாசல் டிவி தெரிந்தது. என் மாமியார் தெருவைப் பார்த்துச் சிரிப்பதும் தெரிந்தது. "என் எதிர்லயே அழிச்சிடு" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழித்தார். குப்பைத் தொட்டி போல ஒரு படம் இருந்தது, அதையும் காலி செய்யச் சொன்னேன். ஏமாறாமல் வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு சைக்கிளை மிதித்தேன்.

ஓரிரு வருடம் கழித்து எல்லாரும் டிவிடி, டிவிடி என்றார்கள். அந்தத் தம்பியே ஒருநாள் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "விசிடில்லாம் போவப்போவுதுண்ணா. தட்டக் குடுங்க, டிவிடில போட்டுத் தர்றேன். ஒரு நாள் குடுத்தா போதும்."

ஒரு நாள் அவரிடம் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, இந்த வியாபாரம் எனக்குத் தெரியாததா? கரையை இரண்டு விரல் ஏற்றிப் புது டிசைன் என்று விற்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதே கல்யாணத்தைக் கேசட்டில் விற்றார்கள், விசிடியில் விற்றார்கள், இனி டிவிடியிலும் விற்பார்கள். இது இதோடு நிற்காது, இதற்கு மேல் இன்னொன்று கொண்டுவருவார்கள் என்று வீட்டில் சொன்னேன்.

"கொண்டாரட்டுமே. ஒரு காப்பி போட்டு வச்சா நமக்கு என்ன போச்சு?" என்றாள் மனைவி. அவள் இதை ஒரு முறை கேட்கவில்லை. வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்டாள். ஒவ்வொரு முறையும் நான் அந்த வாசல் டிவியைச் சொன்னேன்.

டிவிடி பிளேயர் வாங்கப் போனபோது விசிடியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஓடியது. பழையதும் புதியதில் ஓடும்போது எதற்கு மாற்ற வேண்டும்? பிறகு புளூ ரே என்று ஒன்று வந்ததாகப் பேப்பரில் படித்ததும் அதை மடித்து மனைவி முன்னால் போட்டேன். "பாத்தியா, நான் சொன்னனா இல்லியா?" என்றேன். அவள் பேப்பரைக் கையில் எடுக்கவே இல்லை.

தட்டுகளை நான் சாதாரணமாக வைத்துவிடவில்லை. பட்டுச் சேலையைப் பாதுகாக்கிற மாதிரியே பாதுகாத்தேன். பிளாஸ்டிக் டப்பாவோடு மல் துணியில் சுற்றி, பீரோவில் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை. ஆனால் அந்துருண்டை ஜரிகை மேல் படக்கூடாது, பட்டால் ஜரிகை கறுத்துவிடும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் உருண்டைகளைச் சின்ன முடிச்சாகக் கட்டி, ஜரிகை இல்லாத இடமாகப் பார்த்து வைத்தேன். பீரோவின் அந்த அடுக்கில் ஜரிகை இல்லாத ஒரே இடம் விசிடி டப்பாவின் மேல்தான். கரையக் கரையப் புது உருண்டை போட்டேன்.

மகள் பத்தாவது பரீட்சை முடித்த விடுமுறையில், "ஆயா எப்படி இருப்பாங்கன்னு காட்டும்மா" என்று கேட்டாள். சின்ன வயதில் பார்த்தது அவளுக்கு நினைவில்லை. இரண்டு மூன்று வருடமாக நாங்களும் தட்டை எடுத்திருக்கவில்லை. மல் துணியைப் பிரித்தேன். டப்பா இளகிப் போய், மேல் மூடி தட்டோடு ஒட்டியிருந்தது. மெதுவாகத்தான் பிரித்தேன். வெள்ளிப் பூச்சு மொத்தமும் மூடியோடு உரிந்து வந்தது. மற்ற இரண்டு தட்டுகளும் அப்படியே. கண்ணாடி மாதிரி ஆகிப்போன தட்டுக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன், சண்டைக்குத்தான். மட்டமான தட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாய் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். தம்பி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

"அந்துருண்டையோட வச்சிருந்தீங்களாண்ணா? பிளாஸ்டிக்க இளக்கிடும்ணா அது."

கேசட்டையும் கொண்டுபோயிருந்தேன். திறந்து காட்டினார். நாடா ஒரே கட்டியாக இருந்தது.

அப்போது எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குரலை இறக்கிக் கேட்டேன். "அன்னிக்கு நெசமாவே அழிச்சிட்டியாப்பா? எனக்குத் தெரியாம எங்கியாவது ஒரு காப்பி வச்சிருந்தா சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேண்ணா" என்றார். "அழிச்சப்புறம் எங்கேர்ந்து வச்சிருப்பேன்?"

சேலையைப் பார்ப்பது போல அவர் முகத்தைப் பார்த்தேன். ஓர் ஆள் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான். அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் மகள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மனைவி என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, மகளுக்கு முன்னால் இரண்டு அடி நடந்தாள். "என்னை எதுக்குப்பா புடிக்கிற, பொண்ணப் புடி" என்றாள். வாயைப் பொத்தக் கையைத் தூக்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். தட்டைக் கை மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் மாற்றினாள்.

"ஏங்க," என்று என்னைக் கேட்டாள். "அம்மா எந்தக் கையால வாயப் பொத்துவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை பொங்கலுக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து வினாடி வரும்போதெல்லாம் படத்தில் எங்காவது கோடு விழுகிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.