காது கிழியாத கரடி

என் தம்பிக்கு நாப்பத்தொரு வயசு. ஞாயித்துக்கிழமை காலைல எட்டே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கிட்டு, வாசக்கதவைப் பாத்து நிப்பான். மழையா, காய்ச்சலா, அக்காவுக்கு இடுப்பு ஒடியுதா, அதெல்லாம் அவனுக்குக் கணக்கே இல்ல. ஜூ ஒன்பதரைக்குத் திறக்கும், ரெண்டு பஸ் மாறணும். "அக்கா, லேட்டு"ன்னு கதவுகிட்ட சொல்லுவான். என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இருபத்தொரு வருஷமா இதே கூத்து.

அவன் குணத்துக்கு டாக்டருங்க நீளமா ஒரு பேர் வெச்சிருக்காங்க. ஜூவுல அவனுக்குச் சின்னதா ஒரு பேர், சென்சஸ். டிக்கெட் கிழிக்கிறவர் தூரத்துலேர்ந்தே சத்தம் போடுவார், "சென்சஸ் வந்தாச்சு! எல்லாரும் அவங்கவங்க கூண்டுக்குள்ள போங்கப்பா!" இவன் சிரிக்க மாட்டான். நேரா முதல் கூண்டுக்குப் போய் நோட்டைத் திறப்பான்.

ஒரு மிருகத்துக்கு ஒரு பக்கம். வந்த நாள், அடையாளம், போன நாள், போன இடம். அடையாளம்தான் அவனுக்கு உசிரு. எந்தச் சிறுத்தைக்கு வால் நுனி வெள்ளை, எந்தக் குரங்குக்குச் சுண்டுவிரல் இல்ல, எல்லாம் இருக்கும். போர்டுல நீர்நாய் நாலுன்னு போட்டிருக்கும், இவன் மூணுன்னு எழுதுவான். விசாரிச்சா மூணுதான் இருக்கும். வரிக்குதிரை எந்த வருஷம் வந்துச்சுன்னு ஆபீஸ்லேர்ந்தே ஒருதடவை ஆள் வந்து இவன்கிட்ட கேட்டுட்டுப் போனாங்க. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

நான் ஒரு ஹோட்டல் லாண்டரியில பெட்ஷீட் தேய்க்கிறவ. ஆறு நாள் நீராவியில வெந்து, ஏழாம் நாள் வெயில்ல வேகறேன். என்னைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷர். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை எங்ககூட ஜூவுக்கு வந்தார். கழுதைப்புலிக் கூண்டு முன்னாடி ஒண்ணேகால் மணி நேரம் நின்னார். அதுக்கப்புறம் ஆளைக் காணோம். அவர் போன நாளும் நோட்டுல இருக்கு.

இதெல்லாம் ஆரம்பிச்சது அம்மாவால. அம்மாதான் முதல்ல அவனை ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்புறம் ஒரு வியாழக்கிழமை செத்துப்போனா. சித்தி அவன்கிட்ட, "அம்மா ஊருக்குப் போயிருக்காடா, வந்துடுவா"ன்னு சொல்லிவெச்சுட்டா. பதினோரு நாள் மாடிப்படியிலேயே உக்காந்திருந்தான். தண்ணி குடிச்சான், சோறு தொடலை. பன்னெண்டாம் நாள் நான் சித்தியை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, படியில அவன் பக்கத்துல உக்காந்து, "அம்மா செத்துட்டாடா, வர மாட்டா"ன்னேன். "சரி"ன்னான். எழுந்து வந்து சாப்பிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை ஷூ மாட்டிட்டு நின்னான்.

அதைக் கண்ணால பாத்தவ நான். பாத்துட்டும் சித்தி புத்திதான் எனக்கும் வந்துச்சு. கிழட்டுப் பெண்சிங்கம் ஒண்ணு இருந்துச்சு, அவனுக்கு அதுமேல கொள்ளைப் பிரியம். ஒரு ஞாயித்துக்கிழமை கூண்டு காலி. "எங்க?"ன்னான். மறுபடி படியில உக்காந்துடுவானோன்னு பயந்துட்டேன். "வேற ஊர் ஜூவுக்கு அனுப்பிட்டாங்கடா"ன்னேன். போன இடம், வேற ஊர்னு எழுதிக்கிட்டான். அப்பாடான்னு இருந்துச்சு. நாக்கு ஒரு தடவை ருசி கண்டா விடுமா? நீர்யானை, வேற ஊர். முள்ளம்பன்றி, வேற ஊர். என்னடா அந்த ஊருக்கு மட்டும் இத்தனை ஜீவன் போகுதேன்னு அவன் ஒருநாளும் கேக்கல.

போன மார்ச்ல கரடிகிட்ட மாட்டிக்கிட்டேன். குண்டன்னு பேரு, இடது காது பாதி கிழிஞ்சிருக்கும். அன்னிக்குக் கூண்டுல ஒரு கரடி இருந்துச்சு, போர்டுல குண்டன்னு பேரும் இருந்துச்சு. காது மட்டும் முழுசா இருந்துச்சு. தம்பி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "இது குண்டன் இல்ல"ன்னான். கரடியைப் பாத்துக்கிறவர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சுட்டு, "காது ஆறிடுச்சு சார்"னார். எனக்கு அன்னிக்கு மூச்சு வாங்குது, கால் வீங்கியிருக்கு, எப்ப உக்காருவோம்னு இருக்கு. "ஆமாடா, மருந்து போட்டாங்க, ஒட்டிக்கிச்சு"ன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். என் மூஞ்சியை அவன் நேராப் பாத்ததே அபூர்வம். நோட்டுல ஒண்ணும் எழுதாம மூடிட்டான்.

அந்த மூச்சு வாங்கல்தான் வினை. லாண்டரி மாடிப்படியில மயங்கி விழுந்தேன். நெஞ்சுல வால்வு போச்சுன்னாங்க. மாத்தலைன்னா வருஷம் தாண்டாது, மாத்தினா பத்துல எட்டு பேர் நல்லபடியா எழுந்துடுவாங்கன்னார் டாக்டர். ஆறுதலாத்தான் சொன்னார் பாவம். எனக்கு அந்த ரெண்டு பேர் மேலயே நெனப்பு ஓடுது. அந்த ரெண்டு பேர் வீட்டுலயும் ஒரு தம்பி கதவைப் பாத்து நிப்பானா?

ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு நாள் டெஸ்டுக்குப் படுக்கணும்னாங்க. இவனை எங்க விடறது? சித்தியும் போய்ச் சேந்துட்டா. இவன் மாதிரி ஆளுங்களை வெச்சுப் பாத்துக்கிற இல்லம் ஒண்ணு ரெண்டு பஸ் தூரத்துல இருக்கு. கொண்டுபோய் விட்டேன். விட்டதோட நிறுத்தியிருக்கலாம். "சாயங்காலம் வந்துடுவேண்டா"ன்னு சொல்லித் தொலைச்சேன். என் வாயில கொள்ளிக்கட்டையைத்தான் வைக்கணும்.

மூணு நாளும் இல்லத்து வாசல் கேட்டுகிட்ட நின்னிருக்கான். ஒரு பருக்கை உள்ள போகல. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. இங்க சொன்ன வாய் ஒண்ணு, பட்டினி கிடந்த வயிறு வேற.

திரும்பக் கூட்டிட்டு வரப் போனப்ப வார்டன் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க, "ஆபரேஷன்னா உங்களுக்குப் பதினஞ்சு நாளாவது ஆகும். இவர் இப்படி நின்னா எங்களால வெச்சுக்க முடியாதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். அங்க கையைக் கட்டிப்போட்டு மூக்கு வழியா டியூப் விடுவாங்க. என்ன சொல்லுவீங்களோ, அவர் நம்புற மாதிரி சொல்லிட்டுப் போங்க."

நம்புற மாதிரியாம். வேற ஊர்க் கதையெல்லாம் நம்புற மாதிரிதான் சொன்னேன். கட்டிலோட கட்டிக் கிடக்கிற என் தம்பியை நெனச்சு நெனச்சு நாலு நாள் எனக்கும் சோறு இறங்கல. பேசாம ஆபரேஷனே வேண்டாம், இருக்கிற வரைக்கும் இருப்போம்னுகூடத் தோணுச்சு. ஆனா அடுத்த வருஷம்? அப்பவும் அவன் எட்டே முக்காலுக்கு ஷூ மாட்டிட்டு நிப்பானே.

போன ஞாயித்துக்கிழமை ஜூவுக்குப் போனோம். கரடிக்கு எதிர்ல இருக்கிற பெஞ்சுல அவனை உக்கார வெச்சேன். புதுக் கரடி எங்களைப் பாத்துக்கிட்டே சொறிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"டேய், அது குண்டன் இல்ல."

"தெரியும்."

"குண்டன் செத்துப்போச்சுடா."

"தெரியும். மார்ச் பதினொண்ணு. பெருக்குற அம்மா சொன்னாங்க."

நோட்டை என் பக்கம் திருப்பினான். நான் சொன்ன வேற ஊர் எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு அடிச்சிருக்கான். மேல குண்டு குண்டு எழுத்துல, செத்துப்போச்சு. செத்துப்போச்சு. செத்துப்போச்சு. நான் கால் வலின்னு உக்காந்திருந்த நேரத்துல, ஒவ்வொண்ணையும் கூண்டு பெருக்குற அந்த அம்மாகிட்ட கேட்டிருக்கான். அவங்களுக்கு என்ன, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, நாள் உட்பட சொல்லியிருக்காங்க.

"அக்கா சொன்னது பதினாலு"ன்னான். "வரிக்குதிரையும் ஒரு நீர்நாயும் நிஜமாவே வேற ஊர் போச்சு. பொய் பன்னெண்டு."

நான் வாயைப் பொத்திக்கிட்டேன்.

"சாயங்காலம் வர்றேன்னு சொன்னது பதிமூணு."

கோவமே இல்ல அந்தக் குரல்ல. திட்டியிருந்தா தேவலை, அடிச்சிருந்தாலும் தேவலை. நான் அழுத அழுகையில பலூன் வாங்க வந்த குடும்பம் அப்படியே திரும்பிப் போச்சு. அவன் பாட்டுக்குக் கரடியையே பாத்துக்கிட்டிருந்தான்.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டுச் சொன்னேன், "புதன்கிழமை என் நெஞ்சைக் கிழிச்சு வால்வு மாத்தப்போறாங்க. நாளைக்கு உன்னை இல்லத்துல விடுவேன். ரெண்டு வாரம் வர மாட்டேன்."

"செத்துடுவியா?"

என் நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. சீச்சீ, அதெல்லாம் இல்லடா, வந்துடுவேண்டா. அப்படியே முழுங்கினேன்.

"தெரியலடா."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாது."

"பெருக்குற அம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாதுடா கண்ணா."

கரடி எழுந்து உள்ள போயிடுச்சு. அப்புறம் சொன்னான், "செத்தா சொல்லணும். வேற ஊர்னு சொல்லக் கூடாது."

"வார்டன் அம்மாகிட்ட எழுதியே கொடுக்கிறேன்"னேன். எழுதிக் கொடுத்தும்விட்டேன்.

அன்னிக்கு அவன் மத்த கூண்டுகளைப் பாக்கல. இருபத்தொரு வருஷத்துல முதல் தடவை. பெஞ்சுலேயே புதுப் பக்கம் ஒண்ணு திறந்தான். மேல அக்கான்னு எழுதினான். வந்த நாள்னு போட்டுட்டு என்னைப் பாத்தான்.

"நீ பொறக்கிறப்பவே நான் இருந்தேன்டா"ன்னேன்.

முன்னாடியேன்னு எழுதினான்.

அப்புறம் அடையாளம். என் இடது மணிக்கட்டைப் பிடிச்சான். ஸ்டீம் பிரஸ் சுட்ட தழும்பு, நான் இருபது வயசுல வாங்கினது. விரல் வெச்சு அளந்தான், நாலு விரல். முன்பல் ஓரம் உடைஞ்சது. வலது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம், அது எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் என்னைப் பாக்கவே மாட்டேங்கிறான்னு புலம்பிக்கிட்டிருந்தேனே, பாவி. போன நாள் இருக்கிற இடத்தைக் காலியா விட்டான்.

திங்கக்கிழமை இல்லத்துக் கேட்டுல என் சட்டைக் கையை ஒதுக்கிப் பாத்தான். நோட்டோட ஒத்துப் பாத்தான். "சரி"ன்னுட்டு உள்ள போயிட்டான். திரும்பிப் பாக்கல. வார்டன் அம்மா மத்தியானம் போன் பண்ணாங்க, சாப்பிட்டாராம், ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாராம். போனைக் கையில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து சிரிச்சேன். பக்கத்துல இருந்தவர் கொஞ்சம் தள்ளி உக்காந்தார்.

இன்னிக்குச் செவ்வாய். வார்டுல இருக்கேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. மத்தியானம் நர்ஸ் பொண்ணு ஒண்ணு வந்து, எங்க கிழிப்பாங்கன்னு பேனாவால நெஞ்சுல கோடு போட்டுட்டுப் போச்சு. கழுத்துக்குக் கீழயிருந்து இறங்குது. பெஞ்சுல தைரியமாப் பேசினவதான். எனக்குச் சாக பயமா இருக்கு. அதுல என்ன வெக்கம்?

கோட்டையே பாத்துக்கிட்டிருந்தவளுக்குத் திடீர்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐயோ, இது நோட்டுல இல்லையே! எழுந்து போனாலும் புதுசா ஒரு தழும்போட போய் நிப்பேன். ஒட்டாத காதை ஒட்டிக்கிச்சுன்னு சொன்னவ நான். அக்கா போர்டை மாட்டிக்கிட்டு வேற யாரோ வந்திருக்கான்னு அவன் சொன்னா? அவனை யார் குத்தம் சொல்ல முடியும்?

அடிச்சுப் பிடிச்சு இல்லத்துக்குப் போன் போட்டேன். அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தாங்க.

"டேய், நோட்டை எடு. என் பக்கத்துல ஒரு அடையாளம் கூடும்."

பக்கம் புரளுற சத்தம் கேட்டுச்சு. "எங்க?"

"நெஞ்சுல. நடுவுல. நேர்க்கோடு. நாளைக்கு வரும்."

"நீளம்?"

"ஒரு ஜாண்."

"உன் ஜாணா, என் ஜாணா?"

கையை விரிச்சு நெஞ்சு மேல வெச்சுப் பாத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரம்மா என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. "என் ஜாண். அதுக்கு மேல ஒரு விரக்கடை."

எழுதினான். எழுதுறவரைக்கும் காத்திருந்தேன்.

"அந்தக் கோடு இல்லாம வந்தா அது நீ இல்ல"ன்னான்.

"ஆமாடா. அது நான் இல்ல."

"அக்கா."

"என்னடா?"

"வேற ஆளை அனுப்பாத"ன்னுட்டு போனை வெச்சுட்டான்.