நிந்தவூர் வந்தால் திருக்கோவில் போகும்

திருக்கோவில் கிளை திறந்த அன்று காலை பத்து மணிக்கு எனக்கு இரண்டு போன் வந்தன. முதலாவது நிந்தவூர்க் கிளை மனேஜர் ஜெஸீமா ராத்தா.

"புள்ள, ஓடர் ஒண்டும் போகுதில்ல." நான் வாய் திறப்பதற்குள், "ஆ, இப்ப ஒண்டு போயிட்டு" என்று வைத்துவிட்டார்.

அடுத்தது திருக்கோவில் மனேஜர் குகன் அண்ணன். "தங்கச்சி, இப்பதான் வேலை செஞ்சது. இப்ப இல்ல. பொறுங்க, இப்ப இருக்கு."

பேக்கரிக்கு நெட்வேர்க் போட்டுக்கொடுக்க என் கம்பனியிலிருந்து வந்த நான், கல்முனையில் கேக் சுடும் பெரிய குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தேன். எந்தக் கிளையில் கேக் ஓடர் எடுத்தாலும் அது குசினி ஸ்கிரீனில் வரவேண்டும். மறுநாள் ஞாயிறு, ஏகப்பட்ட கல்யாணம். முன்பு ரவுட்டர்களில் பாதைகளைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். கிளை கூடுகிறது, ரவுட்டர்கள் தாமே பாதை கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் போடுவோம் என்று முதலாளி ஹாஜியாரிடம் ஒரு மாதம் வாதாடியது நான்தான். நான் தனியாகச் செய்த முதல் நெட்வேர்க் அது.

புதியவர்களுக்காக ஓஎஸ்பிஎஃப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு அறிவித்தல் எழுதி எல்லா ரவுட்டர்களுக்கும் அனுப்பும். அதில் எழுதியவரின் ஐடி இருக்கும், சீக்வென்ஸ் நம்பர் இருக்கும். ஒரே ஐடியில் இரண்டு அறிவித்தல் வந்தால் நம்பர் கூடியதைத்தான் எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும்.

லைன்களைப் பார்த்தேன். கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு ஒன்று, அக்கரைப்பற்றுக்கு ஒன்று, அங்கிருந்து திருக்கோவிலுக்கு ஒன்று. மூன்றும் சுத்தம். கம்பனியில் என் சீனியருக்குப் போன் அடித்தேன். "லைன் பிரச்சின எண்டு ஹாஜியாரிட்ட சொல்லி வை. பிறகு பாப்பம்" என்றார்.

மனேஜர்கள் இருவரையும் ஒரே போன் கோலில் எடுத்தேன். "நெட் வந்தா 'இருக்கு' எண்டு சொல்லுங்க, போனா 'இல்ல' எண்டு சொல்லுங்க."

"இருக்கு" என்றார் ராத்தா.

"இல்ல" என்றார் குகன் அண்ணன். கொஞ்ச நேரத்தில், "இருக்கு."

"எனக்கு இல்ல" என்றார் ராத்தா. "தம்பி, நீங்க கொஞ்சம் விடுங்களன், நான் ரெண்டு கேக்க அனுப்பிக்கிறன்."

"நான் ஒண்டும் பிடிச்சு வைக்கல்ல அக்கா. கட தொறந்தே ரெண்டு மணித்தியாலம்தான்."

கேட்டுக்கொண்டே அந்த அறிவித்தல்கள் சேரும் டேட்டாபேஸைத் திறந்தேன். மாற்றம் ஒன்றுமில்லாவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏறவேண்டிய சீக்வென்ஸ் நம்பர், ஒரே ஒரு ஐடியில் மட்டும் ஐந்தாறு செக்கனுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை அதற்குள் நிந்தவூர் விபரம், அடுத்தமுறை திருக்கோவில் விபரம்.

இரண்டு ரவுட்டருக்கும் ஒரே ஐடி. தன் பெயரில் வேறு எவரோ அறிவித்தல் விட்டிருப்பதைப் பார்த்து ஒன்று அதைவிடக் கூடின நம்பரில் எழுதுகிறது, மற்றது அதற்கும் மேலே எழுதுகிறது. நான்தான் அசல் என்று இரண்டும் கடை திறந்ததிலிருந்து வழக்காடிக்கொண்டிருக்கின்றன. போனிலும் அதே வழக்குத்தான் நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன்.

பின்னால் ஹாஜியார் நின்றிருந்தார். "மகள், என்ட கட கிடந்து இழுபடுது. நீங்க சிரிக்கிறீங்க."

"கண்டுபிடிச்சிட்டன் ஹாஜியார்" என்றேன். அந்தச் சந்தோஷத்தில், பிழை யாருடையது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நிந்தவூர் ரவுட்டரின் கொன்ஃபிக்கை, அதாவது அதன் அமைப்பு வரிகளை, கொப்பி பண்ணித் திருக்கோவிலுக்குப் போட்டது நான். ஐபி எல்லாம் மாற்றினேன். ரவுட்டர் ஐடி வரியை விட்டுவிட்டேன்.

அக்கரைப்பற்று ரவுட்டருக்குள் போய், அங்கிருந்து நேர் லைனில் திருக்கோவிலுக்குள் புகுந்து, ஐடியை மாற்றி ஓஎஸ்பிஎஃப்பை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒரு நிமிடம் போனது.

"இருக்கு" என்றார்கள் இருவரும் ஒன்றாக. கிளைகளில் தேங்கிக் கிடந்த ஓடர் எல்லாம் குசினி ஸ்கிரீனில் ஒரேயடியாக வந்து விழுந்தது. "இத்தினையும் இண்டைக்கா?" என்று கேக் போடும் நவாஸ் காக்கா தலையில் கை வைத்தார்.

"என்ன பிரச்சின?" என்றார் ஹாஜியார்.

சீனியர் சொன்ன பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். "என்ட பிழை ஹாஜியார். ரெண்டு கடைக்கும் ஒரே நம்பர் போட்டுட்டன்."

அவர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "லைன் எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்."

"ஓம். பிறகு நீங்க லைன்காரனோட சண்டைக்குப் போயிருப்பீங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, "அடுத்ததாத் தொறக்கிற பொத்துவில் கடைக்கும் நீங்கதான் வரணும்" என்றார்.

இன்றுவரை என் பழக்கம் இதுதான்: கொன்ஃபிக்கில் எதைக் கொப்பி பண்ணினாலும், ரவுட்டர் ஐடியை மட்டும் என் கையால் அடிப்பேன். அடித்ததும் மற்ற ரவுட்டர்களின் பட்டியலோடு ஒருமுறை வாய்விட்டு வாசிப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.